கல்லும் மணியும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கல் நகை, மணி கோத்தல், கம்பி வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 8 மி.மீ. அகேட் மணிகளை நைலான் சரடில் நன்றாக இறுக்கிக் கோத்து மாலை செய்தேன். மூன்றே மாதத்தில் அறுந்து மணிகள் சிதறிவிட்டன. சரடு தரமில்லாததா?

பதில்: சரடைக் குறை சொல்லும் முன் ஒரு மணியை எடுத்து, அதன் துளை வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடியின் ஓரம் போலப் பொறிப்பொறியாகப் பெயர்ந்து கூராக இருக்கும். அகேட் குவார்ட்ஸ் இனத்துக் கல். சாதாரண எஃகுக் கத்தியால் அதில் கீறல் போட முடியாது. கழுத்து அசையும்போதெல்லாம் அந்தக் கூரான ஓரம் சரடை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இறுக்கிக் கோத்தது அதற்கு இன்னும் தோதாகிவிட்டது. மணிகள் இடைவெளியின்றி நெருக்கி நின்றால், மாலை வளையும்போது மொத்த இழுவையும் துளை வாயில்தான் விழும்.

கல் மணிகளுக்கு ஏற்றது நைலான் பூசிய எஃகுக் கம்பி. 0.38 மி.மீ. கனத்தில், 49 இழை முறுக்கியதை வாங்குங்கள். இழை கூடக் கூட மாலை துணி போல வளைந்து விழும். 7 இழைக் கம்பி விலை குறைவு, ஆனால் ஒருமுறை மடிந்தால் மடிப்பு போகாது. 16 அங்குல மாலை என்றால் 406 மி.மீ. கொக்கிக்கு 20 மி.மீ. போக, 8 மி.மீ. மணி 48 பிடிக்கும். கம்பியை 56 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள்.

முனையைப் பூட்டுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். 2 மி.மீ. கிரிம்ப் குழலில் (அழுத்தி மடித்துக் கம்பியைப் பூட்டும் சிறு உலோகக் குழல்) கம்பியை நுழைத்து, கொக்கியின் வளையத்தில் விட்டு, திருப்பி அதே குழலுக்குள் கொண்டுவாருங்கள். குழலுக்குள் இரண்டு கம்பிகளும் பின்னிக்கொள்ளாமல் அருகருகே கிடக்க வேண்டும். கிரிம்ப் குறட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். பிறை போன்ற உள்பள்ளத்தில் வைத்து அழுத்தினால் குழலின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, கம்பிகள் ஆளுக்கொரு அறையில் அடங்கும். பிறகு குழலை 90 பாகை திருப்பி, வட்டமான வெளிப்பள்ளத்தில் வைத்து உருண்டையாக மடியுங்கள். சாதாரணக் குறட்டால் தட்டையாக நசுக்கினால் குழலின் ஓரமே கத்தியாகிக் கம்பியை வெட்டும். மிஞ்சிய வாலைக் குழல் ஓரத்திலேயே நறுக்காமல், மூன்று நான்கு மணிகளுக்குள் செலுத்திவிட்டு வெட்டுங்கள்.

கடைசி முனையைப் பூட்டும் முன் மாலையை வட்டமாக வளைத்து மேசையில் வையுங்கள். மணிகள் கோணல்மாணலாக விறைத்து நின்றால் இறுக்கம் அதிகம். 2 அல்லது 3 மி.மீ. தளர்வு விட்டால் போதும்.

பட்டுச் சரடில்தான் கோக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கு ஒரு மி.மீ. கணக்கு வைத்தால் அதே நீளத்துக்கு 43 மணி, சரடு 2 மீட்டர். அதற்கு முன் துளை வாய்களை வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால் மழுக்குங்கள். அந்த வேலையை ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் மணியை அமிழ்த்தி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இது கல் சூடாகாமல் இருக்க மட்டும் அல்ல. குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் வரும். அந்த நோய்க்குத் தீர்க்கும் மருந்து கிடையாது. உலர்ந்த கல்லை ஒருபோதும் அராவாதீர்கள், துளையிடாதீர்கள்.

கேள்வி: எஃகு இல்லாத காலத்தில் இவ்வளவு கடினமான கல்லில் எப்படித் துளை போட்டார்கள்?

பதில்: கல்லைக் கல்லால் துளைத்தார்கள். சூதுபவளம் என்ற செந்நிறக் குவார்ட்ஸ் இனக் கல்லில் செய்த சிந்துவெளியின் நீண்ட மணிகள் இதற்கு மிகச் சிறந்த சான்று. சிந்துவெளி ஊரான சன்குதாரோவில் 1935-36இல் அகழாய்வு செய்த எர்னஸ்ட் மக்கே, மணி செய்யும் பட்டறை ஒன்றைக் கண்டார். அங்கே கிடைத்த ஒரு வகைத் துளையூசிக் கல்லுக்குப் பிற்காலத்தில் அவர் பெயராலேயே ‘எர்னஸ்டைட்’ என்று பெயர் வைத்தார்கள். ஊசியின் முனை சற்றே அகன்றும் நடுப்பகுதி சிறுத்தும் இருக்கும். துளை ஆழமாகப் போகும்போது ஊசியின் உடல் பக்கங்களில் உரசிச் சிக்காமலிருக்க அந்த வடிவம். இந்த ஊசியை வில் துறப்பணத்தில் (வில்லின் நாணால் சுழற்றித் துளையிடும் கருவி) பொருத்திச் செய்த பரிசோதனைகளில், மணி நேரத்துக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் துளை இறங்கியது. இன்னொரு சிந்துவெளி ஊரான அல்லாதினோவில் 36 நீண்ட சூதுபவள மணிகள் கொண்ட இடுப்பணி ஒன்று கிடைத்திருக்கிறது. அதை மட்டும் செய்து முடிக்க 480 வேலை நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நீண்ட மணியை ஒரு பக்கமிருந்தே துளைத்தால் ஊசி வெளியே வரும் இடத்தில் கல் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆகவே இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்தார்கள். பழைய மணியை வெளிச்சத்தில் பிடித்துத் துளைக்குள் பார்த்தால், நடுவில் இரண்டு துளைகளும் நூலிழை விலகிச் சேர்ந்த ஒரு படி தெரியும். பிற்காலத்தில் ஊசி முனையில் கடுகளவு வைரச் சில்லுகளைப் பதித்துத் துளைக்கும் முறை வந்த பிறகு வேலை பல மடங்கு வேகமானது.

சூதுபவளத்தின் சிவப்பும் பாதி கைவேலைதான். மண்ணிலிருந்து எடுக்கும்போது பல கற்கள் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். மெதுவாகச் சூடேற்றினால் உள்ளிருக்கும் இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவக்கும். இதோடும் நிற்கவில்லை. சோடா காரத்தைச் செடிச் சாற்றில் குழைத்துக் கல்லின் மேல் கோலம் வரைந்து சுட்டு, அழியாத வெள்ளைக் கோடுகளை உண்டாக்கினார்கள். அப்படிக் கோடிட்ட மணிகள் மெசபடோமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்து அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில் (மரகத இனத்துக் கல்), குவார்ட்ஸ், சூதுபவளம் ஆகியவற்றில் பாதி தட்டியவை, தேய்த்துத் துளையிடாதவை, துளையிடும்போது உடைந்தவை எனப் பல நிலைகளில் மணிகள் கிடைத்தன. முடிந்த மணி அழகைக் காட்டும். வேலை நடந்த முறையைச் சொல்வது இந்த உடைந்த மணிகள்தான். முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதிய குறிப்பு ஒன்றும் இங்கே பொருந்தும். இந்தியர்களுக்கு நீளமான பெரில் மணிகள் மேல் ஆசை அதிகம், அவற்றுக்குப் பொன் சேர்க்கை வேண்டாம் என்று நினைத்துத் துளையிட்டு யானை மயிரில் கோக்கிறார்கள் என்கிறார். துளை வாய் அறுக்காத, தண்ணீருக்கு ஊறாத, நீளாத சரடு அது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

கேள்வி: வைரம் எதற்கும் உடையாது என்கிறார்களே, மோதிரக் கல்லின் முனை பெயர்ந்துவிட்டது. அப்படியானால் அது வைரம் இல்லையா?

பதில்: வைரமாகவே இருக்கலாம். கடினம் வேறு, உறுதி வேறு. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த பத்துப் படி அளவுகோல், எந்தக் கல் எதைக் கீறும் என்பதை மட்டும் சொல்கிறது. குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10. வைரத்தில் கீறல் விழாது, ஆனால் அடி விழுந்தால் பிளக்கும். அதன் படிகத்தில் நான்கு திசைகளில் இயல்பான பிளவுத் தளங்கள் உண்டு. பட்டை தீட்டுபவர்கள் காலங்காலமாக வைரத்தை இரண்டாக்கியது இந்தத் தளங்களில் தட்டித்தான். கல்லின் அகன்ற நடுச்சுற்றான இடுப்பு ஓரம் மெல்லியதாக இருந்தால், அல்லது உள்ளே ஒரு கீற்று ஓரம் வரை ஓடியிருந்தால், கதவில் இடித்ததே போதும். சிலப்பதிகாரம் மதுரை மணிக் கடைகளைச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. காகத்தின் கால் போலக் கிளைத்த பிளவையும் கீற்றையும் அன்றே குற்றமாக எண்ணியதற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது.

நெப்ரைட் ஜேட் இதற்கு நேர்மாறானது. கடினம் 6 அல்லது அதற்குச் சற்று மேல்தான். ஆனால் உள்ளே நுண்ணிய நார்கள் கம்பளி போலப் பின்னிக் கிடப்பதால் சுத்தியலுக்கும் எளிதில் உடையாது.

அன்றாடம் அணியும் மோதிரத்துக்குக் கல் தேர்ந்தெடுக்க இந்த இரண்டையும் பாருங்கள். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும். 7க்குக் குறைந்த கல்லைத் துணியால் துடைத்துத் துடைத்தே பளபளப்பைக் கெடுத்துவிடலாம். ஓப்பல், டர்காய்ஸ், முத்து, லாபிஸ் லாசுலி எல்லாம் காதிலும் கழுத்திலும் பல ஆண்டுகள் அழகாக இருக்கும். விரலில் அவற்றுக்கு ஆயுள் குறைவு. புஷ்பராகம் 8ஆக இருந்தாலும் ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும். மரகதத்தில் பிறவியிலேயே கீற்றுகள் அதிகம், நகம் போன்ற பிடிகளைவிடச் சுற்றிலும் மூடிய கூடு அதற்குப் பாதுகாப்பு. வைரத்தையும் மற்றக் கற்களையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். வைரம் எல்லாவற்றையும் கீறும்.

கேள்வி: தங்கத்துக்கும் காரட், கல்லுக்கும் காரட். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. கல்லுக்கு அது எடை: 1 காரட் 0.2 கிராம். கரோப் மர விதையை எடைக்கல்லாக வைத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். நாட்டுக்கு நாடு மாறிய அளவை 1907இல்தான் 200 மில்லிகிராம் என்று பொதுவாக்கினார்கள். தங்கத்துக்கு அது தூய்மை: 24 பங்கில் எத்தனை பங்கு பொன் என்ற கணக்கு. 22 என்றால் 91.6 சதவீதம், 18 என்றால் 75. எடை ஒன்றானாலும் உருவம் ஒன்றாகாது. மாணிக்கத்தின் அடர்த்தி அதிகம், மரகதத்துக்குக் குறைவு. ஆகவே ஒரே வெட்டில் 1 காரட் மரகதம் 1 காரட் மாணிக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: பல தலைமுறையாக மாணிக்கம் என்று வைத்திருந்த உதிரிக் கல்லை ‘ஸ்பைனல்’ என்று சொல்லிவிட்டார்கள். போலியா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: போலி அல்ல. ஸ்பைனல் இயற்கையான, தனக்கென்று மதிப்புள்ள கல். மாணிக்கம் கிடைக்கும் மண்ணிலேயே கிடைக்கும். இரண்டுக்கும் சிவப்பைத் தருவது ஒரே குரோமியம். 1783இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே தெ லீல் இவை இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரித்துக் காட்டும் வரை, சிவப்பாக இருந்த கல் பெரும்பாலும் மாணிக்கம் என்றே பெயர் பெற்றது. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்புறம் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ ஒரு ஸ்பைனல். 1367இல் ஸ்பெயினின் காஸ்டில் மன்னர் பேத்ரோவிடமிருந்து, கறுப்பு இளவரசர் எனப்பட்ட இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்கு வந்தது. பட்டை தீட்டாமல் இயல்பான வடிவிலேயே மெருகேற்றிய கல். முன்பு யாரோ பதக்கமாகக் கோத்து அணிந்ததற்கு அடையாளமாக அதன் தலையில் ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளையை அடைத்திருப்பதுதான் சின்னஞ்சிறிய ஓர் அசல் மாணிக்கம்.

சோதனைக்கு வருவோம். நகையில் பதிக்காத கல்லாக இருக்க வேண்டும், 0.001 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் கல்லைச் சாதாரணமாக நிறுத்து எடையைக் குறியுங்கள். 1.040 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பாதி அளவு தண்ணீர் உள்ள சிறிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தராசு இப்போது காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். 0.260 காட்டினால் 1.040 ÷ 0.260 = 4.00, மாணிக்க இனம். 0.289 காட்டினால் 3.60, ஸ்பைனல். 2.5 பக்கம் வந்தால் கண்ணாடி என்று சந்தேகியுங்கள்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி எண்ணைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லைச் சிறு தூரிகையால் தடவிக் குமிழியை அகற்றுங்கள். கல் கிண்ணத்தைத் தொட்டால் தராசு அதன் எடையையும் சேர்த்துக் காட்டும். 0.01 கிராம் மட்டும் காட்டும் சட்டைப்பைத் தராசில், 1 காரட்டுக்கும் சிறிய கல்லுக்கு வரும் எண்ணை நம்பவே கூடாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சில கார்னெட் கற்களும் 4ஐ ஒட்டி வரும். அதைவிட முக்கியம், ஆலையில் வளர்த்த மாணிக்கமும் 4தான். பிரெஞ்சு வேதியியலாளர் ஓகஸ்ட் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினா தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிய வைத்து மாணிக்கம் வளர்க்கிறார்கள். வேதிப்பொருளில் வித்தியாசம் இல்லை. 10 மடங்கு லென்ஸில் இசைத்தட்டுக் கோடுகள் போல வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரிந்தால் அது வளர்த்தது. மண்ணில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணத்தில் திரும்பும்.

கேள்வி: மோதிரத்தைச் சிறிது பெரிதாக்கக் கொடுத்தபோது, சிவப்புக் கல் முழுக்க வலைப்பின்னல் போல் வெடிப்பு வந்துவிட்டது. வேலை செய்தவரின் தவறா?

பதில்: கண்ணாடி நிரப்பிய மாணிக்கமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வெடிப்பு நிறைந்த மலிவான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கிச் செலுத்தினால் வெடிப்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும். 2004 வாக்கில் இவை சந்தைக்குப் பெருமளவில் வந்தன. பற்றவைக்கும் சுடர் பட்டால் கண்ணாடி உருகி வழியும், மறைந்திருந்த வெடிப்புகள் எல்லாம் திரும்பத் தெரியும். எலுமிச்சைச் சாறு கூட நாளடைவில் அதை அரிக்கும். கல்லை மெல்லச் சாய்த்தபடி லென்ஸில் பார்த்தால் வெடிப்புத் தளத்தில் நீலமோ ஆரஞ்சோ மின்னும், அப்பளம் போல் தட்டையான குமிழிகளும் இருக்கும்.

வெறும் சூடேற்றம் வேறு. சந்தைக்கு வரும் மாணிக்கங்களிலும் நீலங்களிலும் பெரும்பாலானவை சூட்டில் நிறம் தெளிந்தவை. அது நிலையானது, சொல்லி விற்றால் குற்றமும் இல்லை. வாங்கும்போது ‘அசலா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. கண்ணாடி நிரப்பியதும் அசல் கல் என்றே பதில் வரும். ‘என்ன செய்திருக்கிறீர்கள்? சூடா, எண்ணெயா, கண்ணாடியா, சாயமா?’ என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேலைக்குக் கொடுக்கும்போதும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: டர்காய்ஸ் மாலை பச்சையாக மாறிக்கொண்டு வருகிறது. சாயமா?

பதில்: உண்மையான டர்காய்ஸ்தான் அப்படி மாறும். செம்பும் அலுமினியமும் சேர்ந்த, நீர் அடங்கிய பாஸ்பேட் அது. நுண்துளைகள் நிறைந்தது. வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் உறிஞ்சும். ஏறிய நிறம் பெரும்பாலும் திரும்பாது. அலங்காரம் முழுதும் முடித்த பிறகு கடைசியாக அணியுங்கள், கழற்றியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அதன் பெயரில் அதிகம் விற்கப்படுவது சாயமிட்ட ஹௌலைட். வெள்ளைக் கல்லில் இயல்பாகவே கரும்பழுப்பு நரம்புகள் ஓடுவதால் நீலச் சாயம் ஏற்றினால் அச்சாக டர்காய்ஸ் போலிருக்கும். மணியின் முகத்தைப் பார்க்காமல் துளைக்குள் பாருங்கள், சாயம் எட்டாத வெள்ளை தெரியும். பஞ்சில் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் தொட்டு, கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்தால் பஞ்சு நீலமாகலாம். பிசின் ஏற்றி மூடிய சாயம் வராது, ஆகவே பஞ்சு வெள்ளையாக இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சாயக் கல் புதிய தந்திரமும் அல்ல. பளிங்குக்கு நிறமேற்றிப் பெரில் போலச் செய்வதை முன்னே சொன்ன பிளினியே குறித்திருக்கிறார்.

கேள்வி: பழைய கல் பதித்த அட்டிகையைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவினேன். கற்கள் கறுத்துவிட்டன, இரண்டு ஆடுகின்றன.

பதில்: கற்கள் கறுக்கவில்லை, அவற்றின் பின்னால் இருக்கும் தகடு கறுத்திருக்கிறது. பின்புறம் மூடிய பழைய வேலைகளில், கல்லுக்கு அடியில் மெல்லிய வெள்ளித் தகடோ நிறமேற்றிய தகடோ வைப்பார்கள். உள்ளே போன ஒளியை அது திருப்பி அனுப்புவதால்தான் சுமாரான கல்லும் விளக்கு வைத்தது போல ஒளிரும். ஐரோப்பாவின் 18ஆம் நூற்றாண்டு நகைகளிலும் இதே முறைதான். தண்ணீர் உள்ளே நுழைந்துவிட்டால் வெளியேற வழியில்லை, தகடு கறுக்கும்.

ஆட்டத்துக்குக் காரணம் அரக்கு. கூட்டின் உள்ளே நிரப்பிய அரக்கு சுடுநீரின் சூட்டிலேயே இளகும். குந்தன் வேலையில் கல்லைச் சுற்றி வைக்கும் தூய பொன் தகடு, சூடே காட்டாமல் எஃகுக் கருவியால் அழுத்தி அழுத்தியே ஒன்றோடொன்று இணைகிறது. தூய பொன்னின் மேல் துருப்படலம் கிடையாது என்பதால் இப்படி ஒட்டுகிறது. இவ்வளவு நுட்பமாகப் பிடித்த கல்லும், அடியில் அரக்கு இளகினால் அசையத்தான் செய்யும். இப்போது செய்ய வேண்டியது, கல் பதிப்பவரிடம் கொடுத்துக் கூட்டைத் திறந்து தகட்டை மாற்றுவது. நீங்களே பசை விடாதீர்கள், பிறகு திறக்கும்போது கல் உடையும். இனி உலர்ந்த மென்தூரிகை மட்டும் போதும்.

கேள்வி: ஓப்பல் பதக்கத்தில் ஓரத்திலிருந்து வெண்மை படர்கிறது.

பதில்: பக்கவாட்டில் பாருங்கள். நேரான கோடு தெரிந்தால் அது மெல்லிய ஓப்பல் சீவலைக் கருந்தகட்டில் ஒட்டி, மேலே பளிங்கு மூடியது. ஒட்டுப் பசைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, சரிசெய்வது கடினம். முழுக் கல் ஓப்பல் என்றால் கவலை வேறு. அதில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீர் இருக்கும், கடும் வறட்சியிலும் திடீர்ச் சூட்டிலும் வெடிக்கும்.

கேள்வி: கம்பியில் மணி கோத்துக் காதணி செய்கிறேன். வளையம் போடும் இடத்தில் கம்பி முறிந்துவிடுகிறது.

பதில்: ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை வளைத்துத் திருத்துகிறீர்கள். உலோகம் வளைக்க வளைக்க இறுகும், இறுகியது முறியும். காது கொக்கிக்கு 20 கேஜ், அதாவது 0.8 மி.மீ. கம்பியும், மணிக்கு 24 கேஜ், அதாவது 0.5 மி.மீ. கம்பியும் எடுங்கள். முத்தின் துளை பெரும்பாலும் சிறியது, இதைவிடத் தடித்தது நுழையாது.

மணிக்கு மேல் 2 மி.மீ. கழுத்து விட்டுத் தட்டைக் குறட்டால் பிடித்து, கம்பியைச் செங்கோணமாக ஒரே மூச்சில் மடியுங்கள். வளைவின் மேல் கூம்புக் குறட்டை வைத்து, கம்பியை அதன் மேலாகச் சுற்றிக் கீழே கொண்டுவாருங்கள். குறட்டின் எந்த இடத்தில் வளைத்தீர்களோ அங்கே மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இரண்டு காதணியிலும் வளையம் ஒரே அளவாக வரும். பிறகு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வால் கம்பியைக் கழுத்தில் இரண்டரைச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, ஒட்ட வெட்டி, முனையை உள்ளே அழுத்துங்கள். குறட்டின் வாயில் பல் இருந்தால் அதன் தழும்பிலிருந்தே முறிவு தொடங்கும். பல்லில்லாத குறடுதான் வேண்டும். தவறிய வளைவை நிமிர்த்தாமல் கம்பியை வெட்டி எறியுங்கள். முதலில் செம்புக் கம்பியில் பத்து இருபது போட்டுப் பழகினால் கைக்கு அளவு வந்துவிடும்.

கேள்வி: வெள்ளி நகையைச் சோடா உப்பு, அலுமினியத் தாள் வைத்துக் கழுவலாமா?

பதில்: கல்லில்லாத வெள்ளிக்கு நல்ல முறை. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தது. அலுமினியத்தைத் தொட்டபடி சூடான சோடாக் கரைசலில் கிடந்தால் கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கும், வெள்ளி தேயாது. முத்து, ஓப்பல், டர்காய்ஸ், மரகதம், ஒட்டிய கல் எதுவும் அதில் போகக் கூடாது. செதுக்கலின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகையையும் போடாதீர்கள், பள்ளம் வெளுத்துப் பூவேலை தட்டையாகத் தெரியும்.

கேள்வி: பழைய பொன் நகைகளில் மணல் போன்ற பொன் குண்டுகளை ஒட்டியிருக்கிறார்களே, பற்றவைக்கும் பற்றுப்பொடி எங்கும் வழியவில்லை. எப்படி?

பதில்: அங்கே பற்றுப்பொடியே கிடையாது. பழைய இத்தாலியின் கி.மு. 7ஆம் நூற்றாண்டு எட்ரஸ்கன் பொற்கொல்லர்கள் கால் மில்லிமீட்டருக்கும் சிறிய குண்டுகளை ஆயிரக்கணக்கில் வைத்தார்கள். பொன் துணுக்குகளைக் கரித்தூளில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிச் சூடேற்றினால், ஒவ்வொன்றும் உருகித் தானே உருண்டையாகும். அவற்றை அளவு வாரியாகச் சலித்து, செம்புக் கனிமமான மலக்கைட் தூளையும் தாவரப் பிசினையும் குழைத்த நீரால் தகட்டில் ஒட்டுவார்கள். சூடேறும்போது பிசின் கரியாகும். கரி செம்புச் சேர்மத்தைச் செம்பாக்கும். அந்தச் செம்பு, குண்டும் தகடும் தொடும் புள்ளியில் மட்டும் பொன்னோடு கலக்கும். தூய பொன் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும், செம்பு கலந்த அந்தப் புள்ளி 900 பாகையை ஒட்டியே இளகும். ஆகவே குண்டு உருகாமல் அதன் பாதம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. சில பாகை கூடினால் குண்டுகள் அமிழ்ந்துபோகும், குறைந்தால் தேய்க்கும்போது உதிரும். வேலைக்காரர் பார்ப்பது ஒரே ஒரு குறியைத்தான்: தகட்டின் மேற்பரப்பு ஒரு கணம் பளிச்சென்று நீர் பூத்தது போல மின்னும். அந்தக் கணத்தில் சுடரை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: கைவேலை என்று சொல்லி வார்ப்பு நகையைத் தருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நகையைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். வார்ப்பில் உள்மூலைகள் மழுங்கியிருக்கும், லென்ஸில் ஊசித்துளைகள் தெரியும், ஒரே இலை ஒரே குறையோடு திரும்பத் திரும்ப வரும். தகட்டை அறுத்துச் செய்ததில் மூலைகள் கூராக இருக்கும், துளைகளின் உட்சுவரில் இழைவாளின் நேர்க்கோடுகள் மெல்லத் தெரியும், இணைப்புகளில் பற்றவைத்த கோடு இருக்கும். மெழுகு வார்ப்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான கலைதான், அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வார்ப்பை வார்ப்பு என்று சொல்லித் தர வேண்டும், அவ்வளவுதான். நல்ல கைவேலையா என்று பார்க்க, கல் கூட்டின் ஓரத்தில் ஒரு பருத்தி நூலை இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வந்தால் நகங்கள் கல்லோடு படிந்திருக்கின்றன. கொக்கியைப் பத்து முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் அதே ஓசையோடு பூட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.